அம்மாவின் நோயைப் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டாம்

பதினொரு வயதுப் பெண் டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் கையில் ஒரு தாள், அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பெண் அதை ஸ்பானிஷில் அம்மாவிடம் சொல்லி, பதிலை ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொல்கிறாள். எட்டு கேள்வி வரை சமாளித்துவிடுகிறாள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது ஒன்பதாவது. பெண் தரையைப் பார்க்கிறாள். பிறகு அம்மாவிடம், "ரொம்பக் களைப்பா இருக்கான்னு கேக்கறாங்க" என்கிறாள். அம்மா மகள் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுகிறாள். டாக்டர் பூஜ்யம் போடுகிறார்.

மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் பக்கமிருந்து அமெரிக்காவில் வந்து குடியேறிய குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். பெற்றோருக்கு ஆங்கிலம் வராது, பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு வந்துவிடும். மின்சார பில், வீட்டு ஓனர், வங்கி, பள்ளிக் கடிதம் எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைதான் வாய். அதைப் பெருமையாகச் செய்யும் பிள்ளைகள் நிறைய. ஆனால் அம்மாவுக்கு மனச்சோர்வு வந்துவிட்டால் அதே வேலை பிள்ளையை உள்ளே அரிக்க ஆரம்பிக்கிறது. இரண்டு மூன்று வருடம் தனியாக அல்லாடி ஒரு வழியாகக் கரையேறிய குடும்பங்கள் சொல்வது ஒன்றுதான்: இதை முதல் மாதமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், யாரும் அதை மனச்சோர்வு என்று சொல்ல மாட்டார்கள். வீட்டில் அதற்குப் பெயர் 'நெர்வியோஸ்', நரம்புக் கோளாறு மாதிரி. அம்மா சொல்வதெல்லாம் தலைவலி, முதுகுவலி, வயிற்றில் எரிச்சல், தூக்கமில்லை. அழுகை பற்றிப் பேச்சே இருக்காது. பிள்ளைகள்தான் முதலில் கவனிக்கிறார்கள். பகலிலும் திரை மூடியே இருக்கிறது. ஊரிலிருந்து பாட்டி போனில் கூப்பிட்டால் அம்மா சிரித்த குரலில் 'தோதோ பியென்', எல்லாம் நல்லா இருக்கு என்கிறாள். போனை வைத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அந்தச் சிரிப்புக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகத்தான் நினைக்கும். காரணமோ பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. எல்லை தாண்டக் கூட்டிவந்த ஆளுக்குக் கட்ட வேண்டிய கடன், ஊரில் விட்டுவந்த இன்னொரு குழந்தை, கோழி ஆலையில் ராத்திரி ஷிஃப்ட், குடியேற்ற ஆவணமில்லாத பயம், பேச்சுத் துணைக்கு ஒரு அக்கா தங்கை கூட இல்லாத அபார்ட்மென்ட்.

அப்பாவும் உறவினரும் சொல்கிற ஒரே மருந்து 'எச்சாலே கானாஸ்'. நேராகச் சொன்னால் 'கானாஸைப் போடு', அதாவது மனசு வெச்சு முயற்சி பண்ணு என்று அர்த்தம். அம்மா தன் நோயைச் சொல்லும் வாக்கியத்திலும் அதே சொல்தான் வருகிறது: எதிலும் 'கானாஸ்' இல்லை, எதுவும் செய்யப் பிடிக்கவில்லை. எது அவளிடம் தீர்ந்துபோனதோ அதைப் போடு என்றால் எங்கிருந்து போடுவாள்? அப்பாவிடம் மனசு, சோகம் என்று ஆரம்பித்தால் காது கொடுக்க மாட்டார். "மூணு வாரமா தூங்கலை, சாப்பிடலை, ஷிஃப்ட் போகுது, டாக்டர்கிட்ட காட்டணும்" என்று உடம்பு வழியாகச் சொன்னால் கேட்பார். சர்ச் பாதிரியார் அதையே சொன்னால் அடுத்த நாளே வண்டி எடுப்பார். இந்த வழியைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, பலன் தருகிறது.

பணம் கரைவது இந்தக் கட்டத்தில்தான். ஸ்பானிஷ் பேசும் மளிகைக் கடையில் வைட்டமின் பாட்டில், பி-12 ஊசி மருந்து, மூலிகைத் தூள். பிறகு 'குராந்தேரா' எனப்படும் நாட்டு வைத்தியப் பெண். முட்டையால் தலை முதல் கால் வரை தடவி, அதைத் தண்ணீர் டம்ளரில் உடைத்து ஊற்றி, வெள்ளைக்கரு நூலாக மேலே எழும்புவதைக் காட்டி, கண்ணேறு போகிறது என்பார். நம் ஊரில் சுற்றிப் போடுவது போலத்தான். இதைக் கேலி செய்து நிறுத்தப் பார்க்கிறவர்கள் தோற்றுப்போகிறார்கள். அந்தப் பெண் அரைமணி நேரம் அம்மாவின் மொழியில் அம்மா சொல்வதைக் கேட்கிறாரே, அதுவே பெரிய விஷயம். போகட்டும், ஆனால் அதற்காக டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாது. கடையில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. முக்கியமாக, 'ஹியெர்பா தே சான் ஹுவான்' என்ற மூலிகை சோகத்துக்கு நல்லது என்று எளிதாகக் கிடைக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு அது சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தாகிவிடும், கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். சாப்பிடும் மூலிகை எல்லாவற்றையும் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் பொட்டலம் போதும்.

பெரிய செலவு வருவது ஒரே ராத்திரியில். அம்மா திடீரென்று கத்துகிறாள், உடம்பு நடுங்குகிறது, நெஞ்சிலிருந்து சூடு தலைக்கு ஏறுகிறது என்கிறாள், சில சமயம் மயங்கி விழுகிறாள். 'அதாக்கே தே நெர்வியோஸ்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள், அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலும் அந்தப் பெயர் உண்டு. பிள்ளைக்கு அது மாரடைப்பு. 911 என்ற அவசர எண்ணை அடிக்கிறது. அடித்தது சரிதான், முதல் தடவை இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். 1986-ம் வருடச் சட்டப்படி அவசரப் பிரிவு காசு, காப்பீடு, ஆவணம் எதுவும் பார்க்காமல் பரிசோதிக்க வேண்டும். ஆனால் பில் பின்னாலேயே வரும். ஆம்புலன்ஸுக்குத் தனி பில், ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. பிள்ளை தபாலைப் பிரித்துத் தொகையைப் படித்துவிட்டு, தான் போன் செய்ததால்தான் வீடு கடனில் மூழ்கியது என்று நம்பிவிடும். அடுத்த தடவை அடிக்காது. பயப்பட வேண்டியது அதற்குத்தான். பில்லைக் கிழிக்கவும் வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டவும் வேண்டாம். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி என்றால் ஏழைகளுக்கான கட்டணச் சலுகைத் திட்டம் எழுத்தில் இருந்தாக வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். பில் அலுவலகத்துக்குப் போன் செய்து 'அசிஸ்தென்சியா ஃபினான்சியேரா' படிவம் கேட்டு, சம்பளச் சீட்டு நகலோடு கொடுங்கள். ஆம்புலன்ஸும் சில டாக்டர்களும் தனி நிறுவனம் என்பதால் அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளையிடம் ஒரு வாக்கியம் மறக்காமல் சொல்லுங்கள்: நீ போன் பண்ணினது சரி.

இப்போது அந்த ஒன்பதாவது கேள்விக்கு வருகிறேன். பி.எச்.க்யூ-9 என்ற அந்தத் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் டாக்டர் சும்மா விட மாட்டார். ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யம் இல்லையென்றால், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மேலே விசாரித்தே ஆக வேண்டும். பிள்ளை மொழிபெயர்த்தால் அந்த இடத்தில் பூஜ்யம்தான் விழும். அம்மா பிள்ளையைக் காப்பாற்றுகிறாள், பிள்ளை அம்மாவைக் காப்பாற்றுகிறது, நோய் அப்படியே தங்கிவிடுகிறது. மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு) வழியாக மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து, வேறு யாரும் கிடைக்காத நேரம் தவிர, பதினெட்டு வயதாகாத பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது 2010 சுகாதாரச் சட்டத்தின் 1557-ம் பிரிவையொட்டிய விதி. நடைமுறையில், கேட்டால்தான் கிடைக்கும். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்ல வேண்டும், வாசலிலும் மறுபடி சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்றால் போனிலோ வீடியோவிலோ மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லலாம், ஐந்து பத்து நிமிடம் ஆகும், காத்திருங்கள். குவாத்தமாலா மலைப்பகுதியிலிருந்தோ மெக்சிகோவின் ஓஹாக்காவிலிருந்தோ வந்த பல அம்மாக்களுக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி, வீட்டு மொழி மாம், கிச்சே, மிஸ்தேக்கோ. அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஸ்பானிஷ் ஆளைப் போட்டுவிடுவார்கள், அம்மா எல்லாவற்றுக்கும் 'சி, சி', ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள்.

எங்கே போவது? மத்திய அரசு நிதி பெறும் சமூக சுகாதார நிலையங்களில் வருமானத்துக்கேற்ற கட்டணம். அரசு நிர்ணயித்த வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் பெயரளவுக்கு ஒரு தொகை, கோட்டின் இரண்டு மடங்கு வரை பகுதித் தள்ளுபடி. சமீபத்துச் சம்பளச் சீட்டுகள், ரொக்கமாகச் சம்பளம் என்றால் முதலாளியின் கடிதம், முகவரிக்கு ஒரு பில், இவை போதும். இவை இல்லாமல் போனதால் ஒரு ஷிஃப்ட் வீணாகி, மறுபடி லீவு போட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். மணிக்கு 14 டாலர் சம்பளம் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 112 டாலர் போச்சு. 2025-ல் மத்திய சுகாதாரத் துறை ஆவணமில்லாதவர்களுக்கான விதியை மாற்றி அறிவித்து, அது கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு. அதனால் கிளம்பும் முன் போனில் கேளுங்கள்: ஆவணம் கேட்பீர்களா, ஸ்பானிஷ் பேசும் கவுன்சலர் இருக்கிறாரா, டாக்டரைப் பார்க்கும் நாளிலேயே அவரையும் பார்க்கலாமா? ஒரே நாளில் இரண்டும் முடிந்தால் அம்மா வருவாள். தனியாக இன்னொரு தேதி கொடுத்தால் பெரும்பாலும் வர மாட்டாள்.

கைக்குழந்தை இருந்தால் பலருக்குத் தெரியாத ஒரு வாசல் திறந்திருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த ஏழைக் குழந்தைக்கு மெடிக்கெய்ட் கிடைக்கும். குழந்தை மருத்துவர்கள் 1, 2, 4, 6 மாதப் பரிசோதனைகளில் அம்மாவின் மனச்சோர்வையும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் பரிந்துரை. அந்தக் கேள்வித்தாளின் செலவைக் குழந்தையின் கணக்கில் எழுத மாநிலங்களுக்கு 2016-லேயே மத்திய அரசு வழிவிட்டிருக்கிறது. அம்மாவுக்குக் காப்பீடு இல்லை என்பதற்காக அந்தத் தாளை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

இங்கே இரண்டு பயங்கள் குறுக்கே வரும். ஒன்று, சொன்னால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. மனச்சோர்வு என்பதற்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. பிள்ளைக்கு அடி, பட்டினி, ஆபத்து என்று சந்தேகம் வந்தால்தான் டாக்டரும் ஆசிரியரும் புகார் செய்யக் கடமைப்பட்டவர்கள். அம்மா படுத்துவிட்டால் பிள்ளைகளை எந்தப் பெரியவர் பார்த்துக்கொள்கிறார் என்று பெயர் சொல்ல முடிவது அந்த இடத்தில் கைகொடுக்கும். இரண்டாவது, 'பேப்பர்', அதாவது குடியேற்ற ஆவணம் கிடைக்கும் வாய்ப்பு, கெட்டுப்போகும் என்பது. இதைப் பெரும்பாலும் 'நொத்தாரியோ' என்று போர்டு வைத்தவரிடம்தான் கேட்கிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெரிய வக்கீலுக்கு, அமெரிக்காவில் அவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்லும் ஆள் மட்டுமே. அவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் ஏராளம். அரசு உதவி க்ரீன் கார்டைப் பாதிக்குமா என்ற விதி 2019-லும் 2022-லும் மாறியது, இன்னும் மாறலாம். குடியேற்ற வக்கீலிடமோ, அரசு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியிடமோ மட்டும் கேளுங்கள்.

மாத்திரை கொடுத்தால் என்ன நடக்கும் என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். செர்ட்ராலின் போன்ற மாத்திரை பெரும்பாலும் 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கும். முதல் வாரம் குமட்டல், தலைபாரம், தூக்கக் கோளாறு. பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம். பத்தாவது நாள், "இது வேலை செய்யலை, வயித்தைப் புரட்டுது" என்று நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டாவது தவறு, மூன்றாவது மாதம் நன்றாக இருக்கிறதே என்று சட்டென்று நிறுத்துவது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். மூன்றாவது, மீதியைத் தங்கைக்குக் கொடுப்பது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் என்றால் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று பெரியவர் ஒருவர் கவனிக்க வேண்டும். மாத்திரை எண்ணுவது, வேளைக்குக் கொடுப்பது, பெட்டியைப் பூட்டுவது எல்லாம் அப்பா அல்லது 'கொமாத்ரே' (பிள்ளையின் ஞானத்தாய், குடும்பத்துக்கு நெருங்கிய தோழி) வேலை. பத்து வயதுப் பெண்ணிடம் மாத்திரை டப்பாவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எண்ணிக்கை தவறினால் அந்தப் பெண் ஆயுளுக்கும் தன்னையே குற்றம் சொல்லும். மாத்திரை வேண்டாம் என்றால் பேச்சு சிகிச்சை உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் ரிக்கார்தோ முன்யோஸ் குழுவினர் 1980-களிலேயே ஸ்பானிஷ் பேசுவோருக்கான குழு வகுப்புகளை உருவாக்கினார்கள். தனியாக டாக்டர் முன் வாய் திறக்காத அம்மா, நாலு அம்மாக்கள் நடுவில் பேசுகிறாள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? பாஸ்டனில் வில்லியம் பியர்ட்ஸ்லி உருவாக்கி, பிறகு லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களுக்கென்று மாற்றியமைத்த ஒரு முறையில் முதலில் பெற்றோர், அடுத்து பிள்ளைகள், கடைசியில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து நோயைப் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். அதன் சாரத்தை வீட்டிலேயே நாலு வாக்கியத்தில் சொல்லலாம்: அம்மாவுக்கு ஒரு நோய், அதன் பெயர் மனச்சோர்வு. அது உன்னால் வரவில்லை. அதை நீ குணப்படுத்த முடியாது, டாக்டர்கள் இருக்கிறார்கள். நீ விளையாடலாம், சிரிக்கலாம், அது அம்மாவுக்குத் துரோகம் இல்லை. கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், மூத்த பிள்ளைக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான். அம்மாவே சொன்னால் நல்லது. முடியாவிட்டால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அப்பா சொல்லலாம்.

ஆறு வயது வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளி போகாமல் ஒட்டிக்கொள்ளும். மூத்த பெண் சமைப்பாள், தம்பிக்குத் தலை வாருவாள், ராத்திரி எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பாள். பதினாறு வயதுப் பையன் வீட்டிலேயே இருக்க மாட்டான், அல்லது பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போவான், யாரும் அதை நோயின் பாதிப்பாகவே எண்ண மாட்டார்கள். சமைப்பதும் தம்பியைப் பார்ப்பதும் பிள்ளையைக் கெடுப்பதில்லை. எத்தனை நாள், எத்தனை மணி வரை என்று அளவு இருந்து, யாராவது வாய் திறந்து நன்றி சொன்னால் அது பிள்ளைக்குப் பலம்கூட. ராத்திரிக் காவல்தான் பிள்ளையைத் தின்கிறது. அதை வாங்கி ஒரு பெரியவரிடம் கொடுக்க வேண்டும்: வாரத்தில் இன்னின்ன ராத்திரி 'தியா' (அத்தையோ சித்தியோ) வந்து படுப்பாள், மற்ற நாள் அப்பா என்று பெயரோடு சொன்னால்தான் அந்தப் பெண் தூங்குவாள்.

பள்ளியில் கவுன்சலரிடம் சொல்லுங்கள். ஆவணமில்லாத பிள்ளைக்கும் பள்ளி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்துவிட்டது, பள்ளி பெற்றோரிடம் அவர்கள் மொழியில் பேசவும் கடமைப்பட்டது. அம்மாவோடு கிளினிக் போகப் பெண் மாதம் இரண்டு நாள் லீவு எடுத்தாலே 180 நாள் பள்ளி வருடத்தில் 18 நாளை நெருங்கிவிடும். பத்து சதவீதம் என்ற அந்தக் கோட்டைத் தாண்டினால் தொடர் லீவு என்று கடிதம் வரும், அதையும் அந்தப் பெண்ணே அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாள். பிள்ளை வகுப்பில் மேசைக்கடியில் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தால் போனைப் பிடுங்குவதில் பயனில்லை. மதியம் கவுன்சலர் அறையிலிருந்து ஒரு அழைப்பு என்று நேரம் வைத்துக் கொடுத்தால் மற்ற நேரம் பாடம் ஏறும்.

ஊரில் பாட்டியிடம் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்த பிள்ளை தனி ரகம். அம்மாவுக்காக ஏங்கி வந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருத்தியைப் பார்க்கிறது. இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக் கோபமாக இருக்கும். பாட்டியைப் பிரிந்த துக்கமும் அதற்குள் இருக்கிறது, யாரும் அதைக் கேட்பதில்லை. பாட்டியோடு வீடியோ அழைப்பைத் தடுக்காதீர்கள்.

குடியேற்ற அதிகாரிகள் திடீரென்று வந்து பிடிக்கும் சோதனை பயம் வேறு. 2019 ஆகஸ்ட் 7 அன்று மிசிசிப்பி கோழி ஆலைகளில் 680 பேரைப் பிடித்தார்கள். அங்கே பல பிள்ளைகளுக்கு அது பள்ளி திறந்த முதல் நாள், சாயங்காலம் வீட்டில் ஆள் இல்லை. அதைக் கேள்விப்பட்ட பிள்ளையிடம், ஒன்றும் ஆகாது என்று சொன்னால் நம்பாது. பள்ளியின் அவசரத் தொடர்பு அட்டையில் ஆவணமுள்ள இரண்டு பெரியவர் பெயரை எழுதி, அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

சாவைப் பற்றி அம்மா பேசினால் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றே: பெரியவரைக் கூப்பிடு, இல்லையென்றால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண். ஸ்பானிஷுக்கு 2-ஐ அழுத்த வேண்டும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. உதவி என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லான 'அயூதா'வை அந்த எண்ணுக்கே குறுஞ்செய்தியாக அனுப்பினாலும் பதில் வரும். கர்ப்பிணிக்கும் பிரசவமானவருக்கும் தனி எண் 1-833-852-6262, இரவு பகல், ஸ்பானிஷும் உண்டு. துப்பாக்கி, மாத்திரை இருந்தால் அன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

அம்மாவுக்கு வைத்தியம் பார்ப்பதே பிள்ளைக்குப் பார்ப்பதுதான் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மிர்னா வைஸ்மேன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 151 அம்மா-பிள்ளை ஜோடிகள். லத்தீனோக்களுக்கென்று செய்ததல்ல. மாத்திரை எடுத்து மூன்று மாதத்தில் அம்மா தேறிய வீடுகளில், ஏற்கெனவே மனநலக் கோளாறு இருந்த பிள்ளைகளில் 33 சதவீதம் பேர் தேறினார்கள். அம்மா தேறாத வீடுகளில் 12 சதவீதம்தான். அப்பாக்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த எண்ணைத்தான்.

தேறிய பிறகும் மூத்த பெண் காவலை உடனே விட மாட்டாள். அம்மா ஒரு நாள் தலைவலி என்று படுத்தால் முகம் வெளுத்துவிடும். அதனால் நோய் திரும்பும் அடையாளங்களை அம்மாவே உட்கார்ந்து எழுத வேண்டும்: மூணு ராத்திரி தூக்கமில்லை, குளிக்கவில்லை, பாட்டி போனை எடுக்கவில்லை என்பது மாதிரி. கீழே யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பெரியவர் பெயர், கிளினிக் எண், 988. ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். அந்தத் தாளில் எங்கேயும் பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது.